தக்காளி ரகம் கேட்டவர்களுக்கு: முதலில் மாதத்தைச் சொல்லுங்கள்

ஐப்பசி மழை பிடித்ததும் எல்லோருக்கும் கொல்லைப்புறத்தின் ஞாபகம் வந்துவிட்டது போல. இந்த முறை வந்த கடிதங்களில் தக்காளியைப் பற்றியவைதான் அதிகம், அதிலும் பெரும்பாலும் காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் இருந்து. ஒரே கேள்வியை நாலு பேர் கேட்டிருந்தால் ஒருவருடையதை மட்டும் எடுத்துக்கொண்டேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

"பின்கட்டைத் தாண்டிக் கொல்லையில் நல்ல இடம் கிடக்கிறது, கிணறும் இருக்கிறது. போன சித்திரையில் வைத்த தக்காளி பூத்ததோடு சரி, ஒரு காய் கண்ணில் படவில்லை. விதைக்கடையில் போய் நின்றால் பத்துப் பதினைந்து பாக்கெட்டை எடுத்துப் போடுகிறார்கள், எல்லாவற்றிலும் படம் ஒரே மாதிரிதான் இருக்கிறது. வீட்டுக்கு எந்த ரகம் சரி என்று சொல்லுங்களேன்."
– வாசகி, பள்ளத்தூர்

ஆச்சி, கடைக்குப் போவதற்கு முன்னால் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். பழம் உங்களுக்கு எந்த மாதத்தில் வேண்டும்? ரகமெல்லாம் அதற்கு அப்புறம்தான். சித்திரையில் வைத்த செடி வைகாசியில் பூக்கும், நம் பக்கத்து வைகாசி வெயிலில் பூத்தால் எந்த ரகமாக இருந்தாலும் அநேகமாக அதே கதைதான்.

பகல் வெயிலைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள், ஆனால் தக்காளிப் பூவுக்கு ராத்திரியும் அதே அளவுக்கு முக்கியம். பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் 24, 25க்குக் கீழே இறங்காமல் புழுங்கினால் மகரந்தம் வீரியம் இழந்துவிடும், சூல் பிடிக்காது. உதிர்ந்த பூ ஒன்றை எடுத்துப் பாருங்கள். காம்பின் நடுவில் முட்டி மாதிரி ஒரு சின்ன வீக்கம் இருக்கும், செடி அந்த இடத்தில்தான் பூவைக் கழற்றிவிட்டிருக்கும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து நீங்கள் குடம் குடமாக ஊற்றியிருப்பீர்கள், அதனால் பயன் இருந்திருக்காது.

ஆகவே பூப்பதைக் குளிர்ந்த ராத்திரிகளுக்குத் தள்ள வேண்டும். நம் ஊருக்கு நான் சொல்லும் கணக்கு இது. கார்த்திகையில் மழை படாத இடத்தில், தாழ்வாரத்தின் ஓரமாகக்கூட இருக்கலாம், குழித்தட்டில் விதையைப் போடுங்கள். 25 நாள் நாற்றை மார்கழியில், மழை குறைந்ததும் நடுங்கள். தையில் பூக்கும், ராத்திரி நன்றாகக் குளிர்ந்திருக்கும் நேரம் அதுதான். மாசி, பங்குனி முழுக்கப் பழம் பறிக்கலாம். இன்னொரு பட்டம் வேண்டுமென்றால் ஆனிக் கடைசியில் விதைத்து ஆடியில் நட்டு, அடைமழை பிடிப்பதற்குள் பறித்து முடிக்க வேண்டும். அதில் காய் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும், ஆனாலும் மோசமில்லை. மாசிக்கு மேல் புதிதாகத் தக்காளி நடுவதை மட்டும் விட்டுவிடுங்கள். அந்த இடத்தில் வெண்டையோ கொத்தவரையோ போட்டால் அது வெயிலை அனுபவித்துக்கொண்டு காய்க்கும்.

சரி, இப்போது ரகம். முதலில் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டியது பி.கே.எம்.1. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவான ரகம், தேனிப் பக்கத்து அன்னஞ்சி என்கிற உள்ளூர்த் தக்காளியில் இருந்து சடுதி மாற்றம் (மரபணுவில் திடீர் மாறுதல்) செய்து எடுத்தது. நம்மைப் போன்ற காய்ந்த ஊரில் பிறந்து வளர்ந்ததால் வெயிலும் வறட்சியும் அதற்குப் பழக்கம். செடி இடுப்பு உயரத்துக்குள் நின்றுவிடும், பழம் தட்டையான உருண்டை, நல்ல புளிப்பு, சாறு நிறைய. சந்தையில் நாட்டுத் தக்காளி என்று கூறுகட்டி விற்பதில் பெரும்பகுதி இதுவோ இதன் வழி வந்ததோதான். ரசத்துக்கும் தண்ணிக் குழம்புக்கும் இதை அடிக்க ஆள் கிடையாது.

ஆனால் பி.கே.எம்.1ஐ மட்டும் வைத்தால் ஒரு சங்கடம் இருக்கிறது. இலைச்சுருட்டு நோயைத் தாங்கும் சக்தி அதற்குக் கிடையாது. வெள்ளை ஈ கொண்டுவந்து விடும் வைரஸ் அது. நுனி இலை கிண்ணம் மாதிரி மேல் நோக்கிச் சுருண்டு, மஞ்சள் பாய்ந்து, செடி குட்டையாகி நின்றுவிடும், அப்புறம் அதற்கு மருந்தே இல்லை. அந்தச் செடியைப் பிடுங்கிக் கொளுத்துவதுதான் மற்ற செடிகளுக்குச் செய்யும் உதவி. அதனால் இரண்டாவதாக, பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக், அர்கா சாம்ராட் இரண்டில் ஒன்றையும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள். இலைச்சுருட்டு, பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் மூன்றையும் எதிர்த்து நிற்கும்படி உருவாக்கிய வீரிய ஒட்டு (இரண்டு ரகங்களைக் கலந்து எடுத்த) ரகங்கள் இவை. பழம் 90, 100 கிராம் வரும், தோல் கெட்டி, பறித்து வைத்தாலும் சீக்கிரம் தளராது. ருசியில் பி.கே.எம்.1க்குக் கொஞ்சம் கீழேதான், அது என் நாக்கு சொல்லும் கணக்கு. ஒரு செடியில் பதினெட்டு, பத்தொன்பது கிலோ என்று ரக்ஷக்கைப் பற்றிப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். அதெல்லாம் சொட்டுநீரில் உரம் கரைத்துவிட்டு, நாள் தவறாமல் கவனித்த வயலில் நடப்பது.

பி.கே.எம்.1இன் விளைச்சலை ஹெக்டேருக்கு 30 முதல் 35 டன் என்பார்கள். நடும் இடைவெளியை வைத்துச் செடிக் கணக்குக்குக் கொண்டுவந்தால் செடி ஒன்றுக்குச் சுமார் ஒரு கிலோதான் வரும். வீட்டில் கவனிப்பு அதிகம் என்பதால் இன்னும் கொஞ்சம் கூடலாம். நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஆறேழு பி.கே.எம்.1, மூன்று ரக்ஷக் அல்லது சாம்ராட், இரண்டு செர்ரி தக்காளி என்று வைத்தால் போதும். எல்லாவற்றையும் ஒரே நாளில் நட வேண்டாம். பி.கே.எம்.1 மாதிரிக் குட்டை ரகங்கள் காயை மொத்தமாகத் தள்ளிவிட்டு ஓய்ந்துவிடும். பாதியை முதலிலும் மீதியை மூன்று வாரம் கழித்தும் நட்டால், ஒரு வாரம் கூடை வழிவதும் அடுத்த வாரம் கடைக்கு ஓடுவதும் இருக்காது.

நடும்போது நாற்றைக் கழுத்தளவு மண்ணுக்குள் இறக்குங்கள், அடி இலை இரண்டைக் கிள்ளிவிட்டு. தக்காளித் தண்டில் மண் பட்ட இடத்தில் எல்லாம் வேர் விடும். நம் செம்மண் மேலாகச் சீக்கிரம் காய்ந்துவிடும், ஆழத்தில் வேர் இருந்தால்தான் செடி மதியத்தில் தலை தொங்காமல் நிற்கும். வரிசைக்கு இரண்டடி, செடிக்குச் செடி ஒன்றரை அடி விடுங்கள்.

"அமெரிக்காவில் இருக்கும் மகன் லீவில் வந்தபோது பிராண்டிவைன் என்று ஒரு தக்காளி விதை கொண்டுவந்தான். படத்தில் ஒரு பழமே ஒரு கை அளவு இருக்கிறது. செடி என் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது, இலைகூட உருளைக்கிழங்கு இலை மாதிரி வித்தியாசமாக இருக்கிறது. பூ கொத்துக் கொத்தாக வருகிறது, அத்தனையும் கொட்டுகிறது. என்ன உரம் போட வேண்டும்?"
– வாசகர், கானாடுகாத்தான்

உரம் எதுவும் வேண்டாம். இலை அப்படி விளிம்பு வெட்டில்லாமல் இருப்பது அந்த ரகத்தின் குணம், நோய் இல்லை. மகன் சரியான விதையைத்தான் கொண்டுவந்திருக்கிறார், ஊர்தான் அதற்குச் சரியில்லை.

பெரிய பழம் என்றால் உள்ளே நிறைய அறைகள், நிறைய விதைகள். அத்தனை சூலும் கருவுற்றால்தான் பழம் உருண்டு திரளும், அதற்கு நல்ல மகரந்தம் ஏராளமாக வேண்டும். வெக்கையில் முதலில் குறைவது அதுதான் என்று மேலே ஆச்சிக்குச் சொன்னேன். சின்னப் பழ ரகங்கள் கிடைத்த கொஞ்சம் மகரந்தத்தை வைத்தே ஒப்பேற்றிவிடும், பெரிய பழ ரகங்கள் ஒப்பேற்ற முடியாமல் பூவைக் கொட்டிவிடும். போதாததற்கு, இந்த ரகம் நட்டு எண்பது தொண்ணூறு நாளுக்கு மேல்தான் பழுக்க ஆரம்பிக்கும். நமக்குக் கிடைக்கிற குளிர்காலமோ மார்கழியும் தையும், மிஞ்சிப் போனால் மாசியில் பாதி. செடி தயாராவதற்குள் காலம் முடிந்துவிடுகிறது.

ஆசைக்கு ஒன்றிரண்டு செடியைப் புரட்டாசிக் கடைசியில் விதைத்து, மழைக்கு மேலே ஒரு பாலித்தீன் கூரை போட்டு, மார்கழியில் பூக்கும்படி பாருங்கள். காலை ஒன்பது, பத்து மணிக்குப் பூங்கொத்தின் காம்பை விரலால் மெல்லச் சுண்டிவிடுங்கள். தக்காளி தன் மகரந்தத்தில் தானே சூல் பிடிக்கும் செடி, அந்த அதிர்வு அதற்கு உதவும். நாலு பழம் கிடைத்தால் படம் எடுத்து மகனுக்கு அனுப்பிவிட்டு, குழம்புக்குப் பி.கே.எம்.1 வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு விஷயம். வெளிநாட்டு விதையைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவருவது சாதாரணமாக நடக்கிறது, ஆனால் அதற்கு அனுமதியும் நோயற்றது என்ற சான்றிதழும் வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் பயிர்த் தனிமைப்படுத்தல் ஆணை சொல்கிறது. விதையோடு கண்ணுக்குத் தெரியாத வைரஸும் கூடவே வரும் என்பதால்தான். அடுத்த முறை மகனிடம் வேறு ஏதாவது கேளுங்கள்.

"பி.கே.எம்.1 என்று சொல்லித்தான் நாற்று வாங்கினேன். பழம் நன்றாகச் சிவந்தாலும் காம்பைச் சுற்றித் தோள் பக்கம் பச்சையாகவே நிற்கிறது. கடைக்காரர் ஏதோ மட்ட ரகத்தைத் தள்ளிவிட்டாரா?"
– வாசகி, தேவகோட்டை

இல்லை ஆச்சி, நியாயமாகத்தான் கொடுத்திருக்கிறார். தோள் பச்சை பி.கே.எம்.1இன் அடையாளம். அது இல்லாமல் காய் முழுக்க ஒரே வெளுப்பாக இருந்திருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

அந்தப் பச்சையை மட்டமாக நினைக்காதீர்கள். கடையில் ஒரே சீராகச் சிவந்து கண்ணைப் பறிக்கிற பழங்களில் அந்தப் பச்சைத் தோள் இருக்காது. ஒரே நேரத்தில், ஒரே நிறத்தில் பழுக்க வேண்டும் என்று வியாபாரத்துக்காகப் பல தலைமுறையாகப் பொறுக்கி எடுத்த குணம் அது. 2012இல் சயன்ஸ் ஆய்விதழில் வந்த ஒரு கட்டுரை இதற்கான காரணத்தைக் கண்டுபிடித்துச் சொன்னது. காயில் பச்சையத்தை உண்டாக்கும் மரபணு ஒன்று அந்தச் சீரான ரகங்களில் உடைந்து கிடக்கிறது, அதனால் காய் தானே சமைத்துக்கொள்ளும் சர்க்கரை குறைந்துவிடுகிறது. கடைத் தக்காளி சப்பென்று இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். தோட்டத்துப் பழத்தில் பச்சைத் தோளைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும்.

பச்சை ரொம்பக் கெட்டியாக, நறுக்கினால் உள்ளேயும் வெள்ளையாக நின்றால் மட்டும் வெயில் அதிகம் என்று அர்த்தம். 30 டிகிரிக்கு மேல் போனால் சிவப்பு நிறமி சரியாக உண்டாகாது, பழம் ஆரஞ்சும் மஞ்சளுமாகத் திட்டுத்திட்டாக நின்றுவிடும். பங்குனியில் அதற்கு ஒரு வழி, அடிப்பக்கம் லேசாக ரோஸ் நிறம் காட்டியதுமே பறித்துவிடுவது. வளவில் ஆத்தங்குடிக் கல் தரை குளுகுளுவென்றுதானே இருக்கும்? ஒரு முறத்தில் தாள் விரித்து, காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி பரப்பி வையுங்கள். ரெண்டு மூன்று நாளில் செடியில் பழுத்ததைவிட நல்ல சிவப்பாக வரும். பழுக்காததை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம், அந்தக் குளிரில் வாசனை போய்விடும், நிறமும் வராது.

"விதைப் பாக்கெட்டின் பின்னால் பொடிப்பொடியாக என்னென்னவோ அச்சடித்திருக்கிறார்கள். அதில் நாங்கள் பார்க்க வேண்டியது எது?"
– வாசகர், திருப்பத்தூர் (சிவகங்கை மாவட்டம்)

மூன்று வரி போதும். முதலில் பரிசோதித்த தேதி. அதில் இருந்து 9 மாதம்தான் அந்த முளைப்புக் கணக்குக்கு ஆயுள், தேதி தாண்டியதைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். இரண்டாவது முளைப்புத் திறன், தக்காளிக்குக் குறைந்தது 70 சதவீதம் இருக்க வேண்டும். மூன்றாவது எஃப்1 என்ற எழுத்து. அது இருந்தால் வீரிய ஒட்டு, அதன் விதையை எடுத்து அடுத்த வருஷம் போட்டால் அதே குணம் வராது. நீல அட்டை சான்று விதை, பச்சை அட்டை விற்பவரே உத்தரவாதம் சொல்லும் விதை.

விதை ரோஸ், நீலம் என்று சாயம் பூசியிருந்தால் மருந்து தடவியது. பிள்ளைகள் கையில் படாமல் வையுங்கள். அப்புறம், ஒரு கிராம் தக்காளி விதையில் சுமார் 300 விதை இருக்கும், வீட்டுக்கு அது தாராளமாகப் போதும். பத்து கிராம் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு எங்கே போகப் போகிறீர்கள்? தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். நம்பகமான விதை, நாற்று பற்றிக் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுப் பார்க்கலாம், செட்டிநாட்டிலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் மானாவாரி ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது.

"காரைக்குடியில் வாடகை வீடு, மொட்டை மாடி மட்டும்தான். மண் தரை கிடையாது. பையில் என்ன தக்காளி வரும்?"
– வாசகி, காரைக்குடி

செர்ரி தக்காளிதான். கொத்துக்குப் பத்துப் பன்னிரண்டு காய் பிடிக்கும், ஒவ்வொன்றும் கோலிகுண்டு அளவு, மற்ற ரகங்கள் பூவைக் கொட்டும் வெயிலிலும் கொஞ்சமாவது காய்த்துக்கொண்டே இருக்கும். கொடி மாதிரி நீளும், அதனால் மாடிக் கைப்பிடிச் சுவரை ஒட்டிக் கயிறு கட்டி மேலே ஏற்றுங்கள். இலைக்கும் தண்டுக்கும் இடையில் முளைக்கும் பக்கக் கிளைகளைச் சின்னதாக இருக்கும்போதே கிள்ளி, இரண்டு தண்டு மட்டும் விட்டால் சமாளிக்கலாம். இந்தக் கிள்ளும் வேலையைக் குட்டை ரகத்தில் செய்துவிடாதீர்கள், அதில் கிளையைக் கிள்ளினால் காயையே கிள்ளுவதாக ஆகிவிடும்.

பை 15க்கு 15 அங்குலம் இருக்கட்டும். சின்னப் பையில் வேர் வெந்துவிடும். செம்மண், மக்கிய உரம், நன்றாக அலசிய தென்னைநார்க் கழிவு மூன்றும் சம பங்கு, அதோடு இரண்டு கை வேப்பம் புண்ணாக்கு. செம்மண்ணை மட்டும் போட்டால் நாலு தண்ணீரில் இறுகிவிடும். மாடித் தளத்தின் சூடு நேராக ஏறாமல் பைக்கு அடியில் செங்கல்லோ பலகையோ கொடுங்கள். பங்குனிக்கு மேல் 35 சதவீத நிழல்வலை போதும். அதற்கு மேல் அடர்த்தியாகப் போட்டால் செடி நெட்டையாக வளருமே தவிரக் காய்க்காது. பி.கே.எம்.1ம் பையில் வரும், ஆனால் உங்களுக்கு இடம் குறைவு, செர்ரியில்தான் நாள் தவறாமல் ஒரு கை பறிக்கலாம். பிள்ளைகள் அப்படியே வாயில் போட்டுக்கொள்வார்கள், சமையல்கட்டுக்கு வந்து சேர்வது சந்தேகம்தான்.

"நேற்று வரை நன்றாக இருந்த செடி இன்று மதியம் வாடி நிற்கிறது, இலை மஞ்சளாகக்கூட ஆகவில்லை. பச்சையாகவே தொங்குகிறது. போன வருஷம் அதே பாத்தியில் கத்தரி வைத்தேன், அதுவும் இப்படித்தான் போனது."
– வாசகர், புதுவயல்

நீங்கள் கடைசியாக எழுதிய வரியிலேயே விடை இருக்கிறது. அடித்தண்டை விரல் நீளத்துக்கு நறுக்கி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீரில் நுனி மட்டும் படும்படி பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அசையாமல் பாருங்கள். வெட்டிய இடத்தில் இருந்து பால் போல வெள்ளையாக நூல் நூலாக இறங்கினால் பாக்டீரியா வாடல். இறங்காவிட்டால் பூஞ்சை வாடலாக இருக்கலாம். வேரைப் பிடுங்கிப் பார்த்து முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு.

பாக்டீரியா என்றால் மருந்துக்கடைக்குப் பணம் கொடுக்க வேண்டாம். அது மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும், தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம் என்பதால் எதை வைத்தாலும் பிடித்துக்கொள்ளும். பாத்தியை மாற்றுங்கள். பழைய பாத்தியில் மூன்று வருஷத்துக்குக் கீரை, வெண்டை, சோளம், அவரை என்று வேறு குடும்பத்துப் பயிராகப் போடுங்கள். அந்தப் பாத்தித் தண்ணீர் புதுப் பாத்திக்கு ஓடி வரக் கூடாது, மண்வெட்டியையும் கழுவிவிட்டு எடுங்கள். புதுப் பாத்தியிலும் ரக்ஷக், சாம்ராட், அர்கா ஆபா மாதிரி வாடலைத் தாங்குகிற ரகமாக வையுங்கள், உங்கள் கொல்லைக்கு இப்போதைக்குப் பி.கே.எம்.1 வேண்டாம். நூற்புழுவாக இருந்தால் வரிசைக்கு நடுவில் செண்டுமல்லி போடுவது நல்ல பலன் தரும்.

"கடையில் வாங்கிய பழத்தில் இருந்து விதை எடுத்துப் போட்டால் வருமா?"
– வாசகி, கோட்டையூர்

முளைக்கும், காய்க்கும். ஆனால் கெட்டித் தோலோடு இருக்கும் பெங்களூர்த் தக்காளி அநேகமாக எஃப்1, அதன் பிள்ளைகள் ஒன்று மாதிரி ஒன்று இருக்காது. பி.கே.எம்.1 அப்படியில்லை, தலைமுறைக்கும் அதே குணம். ஒரு தடவை வாங்கினால் அப்புறம் விதைக்கடைக்கே போக வேண்டாம்.

நோய் இல்லாத செடியில், இரண்டாவது மூன்றாவது கொத்தில் நன்றாகப் பழுத்ததை எடுங்கள். கையால் பிசைந்து ஒரு கிண்ணத்தில் ஒன்று இரண்டு நாள் விடுங்கள், மேலே நுரை கட்டி லேசாகப் புளித்த வாடை வரும். விதையைச் சுற்றியிருக்கும் கொழகொழப்பு அப்போதுதான் கழலும், அதை எடுக்காவிட்டால் முளைப்பு தாமதப்படும். தண்ணீர் ஊற்றி அலசினால் சொத்தை மிதக்கும், நல்லது அடியில் தங்கும். தாளில் காயப் போட்டால் ஒட்டிக்கொள்ளும், ஒரு தட்டில் நிழலில் உலர்த்துங்கள். பழைய வீடுகளில் அடுப்புச் சாம்பலில் புரட்டி வைப்பார்கள், அதுவும் நல்ல பழக்கம்தான். ஈரம் ஏறாமல் மூடி வைத்தால் மூன்று நாலு வருஷம் வரும்.

"காயின் அடிப்பாகம் கறுத்து அமுங்கிப் போகிறது. முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டும் நிற்கவில்லை."
– வாசகி, கண்டனூர்

முட்டை ஓடு மண்ணில் கரைய மாதக்கணக்கில் ஆகும், உங்கள் செடி அதுவரை காத்திருக்காது. காயின் நுனிக்குச் சுண்ணாம்புச் சத்து போகாததுதான் காரணம், ஆனால் மண்ணில் சத்து இல்லாமல் இருப்பது அபூர்வம், தண்ணீரோடு சேர்ந்து ஏறினால்தான் அது நுனி வரை போகும். நாலு நாள் காயவிட்டு ஐந்தாம் நாள் வெள்ளமாகப் பாய்ச்சினால் இப்படித்தான் ஆகும், பழம் வெடிப்பதும் அதனால்தான். தினமும் அளவாக விடுங்கள், செடியடியில் வைக்கோலோ காய்ந்த இலையோ மூடாக்குப் போடுங்கள், யூரியாவை நிறுத்துங்கள். கறுத்த காயைக் கிள்ளி எறிந்துவிடலாம், அடுத்த கொத்தில் சரியாகிவிடும். நீளப் பழ ரகங்களில் இது கூடுதலாக வரும்.

"மயில் விடமாட்டேன் என்கிறது. பழுத்தது ஒன்றுகூட மிஞ்சவில்லை."
– வாசகர், பொன்னமராவதி

விரட்டினால் பக்கத்து வீட்டுக் கொல்லைக்குப் போய்விட்டுத் திரும்ப வரும், அடிப்பதோ பிடிப்பதோ சட்டப்படி குற்றம். பழைய மீன் வலை கிடைத்தால் கம்பு நட்டு மேலேயும் பக்கத்திலும் மூடிக் கட்டுங்கள், கண்ணி பெரிதாக இருந்தால் மயிலின் கால் மாட்டிக்கொள்ளும், பார்த்துக்கொள்ளுங்கள். தேவகோட்டை ஆச்சிக்குச் சொன்ன மாதிரி நிறம் திரும்பும்போதே பறித்து உள்ளே பழுக்க வைப்பது உங்களுக்கும் பொருந்தும், பச்சைக்காயை மயில் அவ்வளவாகத் தேடாது.

"வெள்ளைப் பணியாரத்துக்குத் தக்காளித் தொக்கு செய்து பாட்டிலில் போட்டு வைக்க எந்த ரகம்?"
– வாசகி, காரைக்குடி

தொக்குக்குச் சதை நிறைய, சாறு குறைவாக வேண்டும். ரோமா மாதிரி நீளப் பழ ரகம் சுலபமாகச் சுண்டும், எண்ணெயும் சீக்கிரம் பிரியும், ஆனால் புளிப்பு போதாமல் புளி சேர்க்க வேண்டி வரும். பி.கே.எம்.1இல் செய்தால் அடுப்படியில் கூடுதலாக அரைமணி நிற்க வேண்டும், ருசி நன்றாக இருக்கும். இரண்டையும் பாதிப் பாதி போடுவது என் கட்சி. பங்குனியில் பழம் மலிந்து கிடக்கும்போது செய்து வைத்துக்கொள்ளுங்கள்.